புத்தகக்காரனின் பை

சனிக்கிழமைகளில் எங்கள் ஆபீசில் அரை நாள்தான் வேலை. கோட்டையில் ரயில் ஏறினால் தாம்பரம் வரும்வரை ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இருக்காது. சானடோரியம் தாண்டியதும் எழுந்து வாசலருகே போய் நின்றுகொள்வேன். வீட்டில் பியூலா தனியாக இருப்பாளே என்ற தவிப்புதான்.

பியூலா என் ஒரே மகள். எழுபத்தொன்றில் ஆறாம் வகுப்பு படித்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் என் மனைவி சாராள் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வந்த நாளிலிருந்து குழந்தை சிரிக்கவில்லை. மூர்மார்க்கெட்டில் பொம்மை வாங்கி வந்தேன். மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். யானையைப் பார்த்துவிட்டு, "போதும்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

அவளைச் சிரிக்க வைத்தவன் ரத்தினம். சைக்கிளில் வீடு வீடாகப் போய் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவன். காரியரில் பெரிய கித்தான் பை தொங்கும். அவன் கொண்டுவந்து கொடுத்த கதைக்கு 'நிழல் கிணறு' என்று பெயர். கிணற்றுக்கு அடியில் ஓர் ஊர். பிள்ளைகளின் நிழலைத் திருடிப் பையில் போட்டுக்கொண்டு போகும் ஒரு விளக்குக்காரன். தன் நிழலைத் தேடிக் கிணற்றில் இறங்கும் ஒரு சிறுமி. தடிப் புத்தகம் என்பதால் ரத்தினம் அதை மூன்றாகப் பிரித்து பைண்டு செய்திருந்தான். ஒரே சமயத்தில் மூன்று வீட்டுக்குக் கொடுக்கலாம் அல்லவா. ஒரு பாகம் முடிந்தால் அடுத்ததற்குச் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும்.

பியூலா கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பாள். பயம் வந்தால் பட்டென்று மூடிவிட்டுத் தனக்குத்தானே சிரிப்பாள். உடனே திறப்பாள். முற்றத்துக்கு ஓடித் தன் நிழல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். எனக்கும் அந்தக் கதையைச் சொல்லும்படி கேட்டேன்.

"நான் சொன்னா பயமே வராதுப்பா. ரத்தினம் அண்ணனுக்குத்தான் அந்த விளக்குக்காரன் குரல் வரும்."

அவள் தூங்கிய பிறகு முதல் பாகத்தை எடுத்து நானே படித்தேன். சுமாரான கதைதான்.

ஒரு சனிக்கிழமை கேட்டருகே அவர்கள் பேசியதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இன்னா பாப்பா, நெழலு பத்திரமா கீதா?"

"இருக்கு. உங்களால எடுக்க முடியாது."

"வர்ற சனிக்கெழம உன்னெ பையில போட்டுத் தூக்கினு பூடுவேன். கத்தக் கூடாது. கத்துனா கெணறு மூடிக்கும்."

பியூலா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணா, கீழ அம்மா இருப்பாங்களா?"

அவன் பையை இழுத்துக் கட்டினான். "அது மூணாம் பாகத்துல கீதோ இன்னாவோ. கொண்டாரேன், நீயே படிச்சுக்கோ."

சாராள் போனதிலிருந்து என்னிடம் அவள் அம்மா என்ற சொல்லையே எடுத்ததில்லை. அன்று வீட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அப்போது சேலையூர்ப் பக்கம் ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவில்லை, பலி கேட்கிறது, பிள்ளை பிடிக்கிறவர்கள் சாக்கோடு அலைகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் படித்தவன். அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. இதை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதிர்வீட்டில் இட்லி விற்கும் கன்னியம்மா என்னை நிறுத்தினாள்.

"ஐசக் சாரே, அந்தப் பொஸ்தகக்காரன் நம்ம பாப்பாவப் பையில போட்டுத் தூக்கினு போறேன்றான். என் காதால கேட்டேன். இன்னா சார் இது?"

அது விளக்குக்காரன் பேசும் வசனம். முதல் பாகத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

"பெரிய பைதான் வெச்சிருக்கான். அடியில என்ன இருக்குன்னு நான் பாத்ததில்லம்மா" என்றேன். அதில் பொய் இல்லை. நான் பார்த்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்து வந்தேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் கூட்டம். ரத்தினத்தின் சட்டையைப் பிடித்திருந்தார்கள். பையைக் கவிழ்த்திருந்தார்கள், புத்தகங்கள் தெருவில் கிடந்தன.

"பொஸ்தகத்தக் காட்டித்தான்டா புள்ளைங்கள மயக்குறான்" என்றான் ஒருவன்.

என்னைப் பார்த்ததும் ரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "தோ, சார் வந்துட்டாரு. சொல்லுங்க சார். அது கதையில வர்ற டயலாக்கு. அந்தப் பொஸ்தகம் சார் வூட்லதான் கீது, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லு சார். அப்படி ஒரு பொஸ்தகம் உன் வூட்ல கீதா?" என்றாள் கன்னியம்மா.

ஜன்னலில் பியூலா நின்றிருந்தாள். இரண்டாம் பாகம் அவள் கையில் இருந்தது. என்னைத் தவிர யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல பைபிளத் தவிர வேற புத்தகம் கிடையாதும்மா" என்றேன்.

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். ரத்தினம் "சார், சார்" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். போலீஸ் வந்தபோது, ஆபீசிலிருந்து வந்த களைப்பில் தூங்கிவிட்டேன் என்றேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் அவனைத் தொடவில்லை. ஆனால் அவனைக் கொன்றது நான்தான், அதை மறுக்கவில்லை.

மூன்றாம் பாகம் சாக்கடை ஓரம் கிடந்தது. எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்து, பியூலாவுக்கு நானே வாசித்தேன். அதில் அம்மா யாரும் வரவில்லை. குழந்தை ஏமாந்துபோகக் கூடாதே என்று நானாக ஓர் அம்மாவைச் சேர்த்தேன். அவளுக்கென்று குரலை மாற்றிக்கொண்டேன். பியூலா மடியில் கைகளை வைத்துக்கொண்டு, ஆராதனையில் உட்காருவது போலக் கடைசிவரை அசையாமல் கேட்டாள். முடிந்ததும் "தேங்க்ஸ்பா" என்றாள். அதன் பிறகு அவள் கதைப் புத்தகம் எதுவும் கேட்டதில்லை. வாசலுக்கும் ஓடியதில்லை. நான் கூப்பிட்டால் வந்து பக்கத்தில் உட்காருவாள்.

கல்யாணமாகி நாக்பூருக்குப் போனவள் இதுவரை இங்கே வரவில்லை. அவ்வளவு தூரம் ரயிலில் வருவது யாருக்கும் சிரமம்தான். தாயில்லாப் பிள்ளை அப்பாவே உலகமென்று வளர்ந்தது என்று சபையில் இன்றும் சொல்கிறார்கள். கேட்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.