ஏழாவது வளைவில் நழுவும் கிளட்ச்

மாலை ஆறே கால். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற மலைப்பாதை. மழை விட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. மேலிருந்தும் வண்டி இல்லை, கீழிருந்தும் வண்டி இல்லை. வேடியப்பன் மட்டும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் தனியாக ஏறிக்கொண்டிருந்தார்...

யார் என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பன் அறிவுச்செல்வனின் அக்காவைக் கட்டியவர். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் மெக்கானிக் கடை. பழைய வண்டி என்றால் விழுப்புரத்திலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் ஸ்பேனர் துடைக்கிற ஆள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

வண்டி அவருடையது இல்லை. கலையரசன் என்று ஒரு வாத்தியார், வெள்ளிமலையில் வேலை. எழுபத்தெட்டாம் வருட வண்டி ஒன்றைத் தியாகதுருகத்தில் யாரிடமோ வாங்கியிருந்தார். ஒரே மாதத்தில் மூன்று தடவை கடைக்கு வந்துவிட்டார். மூன்று தடவையும் ஒரே புகார். மேட்டில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் நழுவுகிறது.

கேபிள் ரொம்ப இறுக்கமாக இருந்தால் அப்படி ஆகும். முதல் தடவை அதைத் தளர்த்தி அனுப்பினார். இரண்டாம் தடவை பிரித்தே பார்த்தார். உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து கிடந்தன. புதுத் தட்டு, புது ஸ்பிரிங், புதுக் கேபிள். இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார்.

எட்டாம் நாள் கலையரசன் மறுபடியும் வந்து நின்றார்.

"இன்னா சார், திரும்பவுமா?"

"கீழ நல்லாத்தாண்ணே போவுது. மலைலயும் மத்த எடத்துல ஒன்னும் இல்ல. ஏழாவது வளைவு... அங்க மட்டும்."

"வண்டிக்கு வளைவு எண்ணத் தெரியுமா சார்? லோடு ஜாஸ்தியா ஏத்தினீங்களா?"

"நான் தனியாத்தாண்ணே போறேன்" என்றார். பிறகு மெதுவாக, "திங்கக்கெழமைலேர்ந்து பாப்பாவப் பின்னாடி ஒக்கார வச்சிக் கூட்டிக்கினு போவணும். அதுக்குள்ள பாத்துக் குடுத்துடுங்க."

"அப்ப வாங்க, ரெண்டு பேரும் ஒரு நடை போயி பாத்துட்டு வந்துடலாம்."

"நான் வரல" என்றார் கலையரசன். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சரி என்று வேடியப்பன் தனியாகக் கிளம்பினார். ஆறு வளைவும் அருமையாக ஏறியது வண்டி. ஏழாவது வளைவு திரும்பினார்.

எஞ்சின் அலறியது. வண்டி தளர்ந்தது... இன்னும் தளர்ந்தது... வளைவில் கொஞ்சம் சமமாக இருந்த இடத்தில் நின்றேவிட்டது.

கிளட்ச் நழுவினால் தட்டு கருகும். அந்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். அது இல்லை. வேறு ஒரு வாசனை. தலைக்கு வைத்த விளக்கெண்ணெய். ரொம்பக் கிட்டத்தில். யாரோ அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பதுபோல...

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஆக்சிலேட்டரை விட்டார். எஞ்சின் அமைதியாக ஓடியது. வண்டி முதல் கியரில் இருந்தது. கிளட்ச் லிவரில் அவர் கை இல்லை. அப்படியானால் ஒன்று வண்டி பாய வேண்டும், இல்லை எஞ்சின் அணைய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

கீழே இறங்கினார். ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, லிவரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டார். கேபிள் தொங்கியது. அப்போதும் எஞ்சின் ஓடியது. அப்போதும் வண்டி நின்றது.

செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். கேபிளின் மறுமுனையில், எஞ்சினோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும். லிவரைப் பிடித்தால்தான் அது இழுபடும். கேபிள் தொய்ந்து கிடக்கிறது... ஆனால் அந்த இரும்புக் கை முழுதாக இழுபட்டு நின்றது. லேசாக நடுங்கிக்கொண்டு. ஸ்பிரிங்கை எதிர்த்து யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல.

விரலால் தள்ளினார். அசையவில்லை.

பிறகு அதுவாகவே விட ஆரம்பித்தது. ஒரே அடியாக இல்லை. கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... பழகின ஆள் விடுகிற மாதிரி. எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. வண்டி அவர் கையிலிருந்து நழுவி முன்னால் போனது. விழவில்லை. வளைவில் சாய்ந்து திரும்பியது. இரண்டாவது கியர் விழும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் கழித்து, மேலே இருட்டில், மூன்றாவது.

வேடியப்பன் ஓடினார். கீழே அணைக்கட்டு விளக்கு தெரிகிற வரைக்கும் நிற்கவில்லை. அங்கிருந்துதான் கலையரசனுக்குப் போன் போட்டார்.

"சார்... வண்டி மேல போய்க்கினு இருக்குது. ஆள் இல்லாம."

கலையரசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க எறங்குனப்ப பின்சீட்டுக்குக் கீழ இருக்கற ஸ்பிரிங் மேல வந்துச்சாண்ணே? இல்ல, அமுங்கியேதான் இருந்துச்சா?"

அப்போதுதான் வேடியப்பனுக்கு உறைத்தது. ஆள் உட்கார்ந்தால்தான் அமுங்குகிற ஸ்பிரிங் அது; வண்டியில் யாரும் இல்லாதபோதும் அமுங்கியேதான் இருந்தது.

மறுநாள் பகலில் இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். இரண்டு வளைவு தள்ளி, ரோட்டோரம் ஸ்டாண்டு போட்டு நின்றது வண்டி. பெட்ரோல் சொட்டுகூட இல்லை. லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் போட்டார்கள். கலையரசனின் மகள் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வேடியப்பனின் மனைவி செந்தமிழ்ச்செல்வி தன் தம்பி அறிவுச்செல்வனிடம் அழுதுகொண்டே சொன்னது இது. ராத்திரி அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாராம். கிளட்ச் பிடிக்கிற இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே வருமாம். நான்கு விரல்களும் மெதுவாக மடங்கும்... பிறகு மெதுவாக விரியும். மடங்கும்... விரியும். எழுப்பினாலும் எழ மாட்டாராம். முதலில் எப்போதாவது ஒரு தரம்தான் இருந்ததாம், இப்போது வேகம் கூடிக்கொண்டே வருகிறதாம். மலை இறங்குகிற மாதிரி.

அக்கா ஒவ்வொரு ராத்திரியும் விளக்கைப் போட்டுக்கொண்டு அவருடைய வலது கை மடங்காதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிரேக் பிடிக்கிற கை அது. இதுவரை ஒரு தடவைகூட அது அசையவில்லை.