பாஸ்போர்ட் படத்துக்கு வைத்த பொட்டு

பானுப்ரியா என்பவரின் பாஸ்போர்ட் பாழானது சம்பந்தமாக, காவல் ஆய்வாளர் திருமதி ஞானதீபம் முன்பு முருகேஸ்வரி என்பவர் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் முருகேஸ்வரி, வயது முப்பத்தெட்டு, கணவர் பெயர் பால்துரை. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்களுக்குப் பல்சரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் நானும் என் கணவரும் மகள் சரண்யாதேவியும் மாமியார் செல்லக்கனியும் குடியிருந்து வருகிறோம். மாடியில் என் கொழுந்தன் செந்தூர்வேலும் அவர் மனைவி பானுப்ரியாவும் இருக்கிறார்கள். நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். அது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். தேவை என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

செந்தூர்வேலுக்குப் பெண் பார்த்தபோது மூன்று இடம் பார்த்தோம். பானுப்ரியாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அவளுக்கு என்னைவிடப் படிப்பு குறைவு, என்னைவிட நிறம் குறைவு, கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்கவே யோசித்தாள். இவள் நமக்கு அடங்கி இருப்பாள் என்று நினைத்துத்தான் மாமியாரிடம் எடுத்துச் சொன்னேன். கல்யாணத்திற்குப் பிறகு அவள் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் என்னவோ படித்தாள். அதன் பிறகு வெளிநாட்டு ஓட்டல் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே அறைப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகு மாடிக்கு ஏசி வந்தது. அதன் பிறகு என் மகளும் படிக்கிறேன் என்று மாடிக்கே போய்விட்டாள். நான் உப்பு லாரிக்காரர்களுக்கு பீடியும் சோப்பும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கீழே இருந்தேன்.

இந்த வருடம் பங்குனி மாதத்தில், போர்ச்சுகல் நாட்டுக்கு விண்ணப்பம் போடப் போவதாக பானுப்ரியா வீட்டில் சொன்னாள். கம்பெனி எங்கே இருந்தாலும் சரி, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே அந்த நாட்டில் நெடுநாள் தங்க அங்கே விசா கொடுக்கிறார்களாம். முதலில் அவள் போய், பின்னால் செந்தூர்வேலும் போவதாக ஏற்பாடு. என் மாமியாருக்கு இடுப்பு முடியாது. அவரைப் பிடித்து எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இரண்டு மருமகள்களும் முறை வைத்துப் பார்த்து வந்தோம். இனிமேல் யார் பார்ப்பது என்று ஒருவரும் பேசவில்லை. நான் இருக்கிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் செய்யும் அதே வேலையை இந்த வீட்டு மாடியில் இருந்தே செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறாள். பிறகு எதற்கு அங்கே போய்ச் செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "சும்மா ஊர் பாக்கலாம்னுதான்க்கா" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரிடம் சொன்னேன். கடைக்கு வருகிறவர்கள் பருப்பு வாங்கும்போதுகூட அவள் பயணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். உளுந்தை நிறுத்துக்கொண்டே நான் பதில் சொன்னேன். எனக்கும் ஒரு காலத்தில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். சிங்கப்பூர் கூட்டிப் போகிறேன் என்றார் என் கணவர். அது ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிவிட்டது.

சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் இடத்தில் அவளுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தேரிக்காட்டில் உள்ள எங்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு எல்லோரும் வேனில் போனோம். புது வண்டிச் சாவி, பரீட்சை ஹால் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சாஸ்தா காலடியில் வைத்து மஞ்சள் தடவி எடுப்பது எங்கள் வழக்கம். பூசாரி சுடலைக்கண்ணன் பாஸ்போர்ட்டை வாங்கினார். பானுப்ரியா அவரிடம், "அண்ணாச்சி, அட்டையில மட்டும் லேசா வைங்க. உள்ள பட்டா அங்கன வாங்க மாட்டாவ" என்று சொன்னாள். அவரும் அட்டையின் நான்கு மூலையிலும் நகக்கண் அளவுக்கு மஞ்சள் தொட்டு வைத்தார்.

பூசை முடிந்ததும் சாமி தட்டை வீட்டின் மூத்த மருமகள்தான் கையில் வாங்க வேண்டும். மாமியார் வேனில் இருந்தபடியே, "ஏளா முருகேசு, தட்ட நீ போயி வாங்கு" என்று சத்தம் போட்டார். நான் வாங்கினேன். தட்டில் சந்தனம், குங்குமம், ஒரு கிண்ணத்தில் மஞ்சள் கலந்த தீர்த்தம், பாஸ்போர்ட் ஆகியவை இருந்தன. மற்றவர்கள் பொங்கல் சாப்பிட இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மண்குதிரைக்குப் பின்பக்கமாக வரும்போது நான் நின்று பாஸ்போர்ட்டைத் திறந்தேன். படத்தில் அவள் சிரிக்காமல் இருந்தாள். அப்போதும் என்னைவிட நன்றாக இருந்தாள். நான் மோதிர விரலால் அவள் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அதன் பிறகு கிண்ணத்தை அந்தப் பக்கத்தின் மேல் சாய்த்தேன். கை தவறிச் சிந்தியதா என்று ஆய்வாளர் கேட்டார். கை தவறவில்லை, சாய்த்தேன். அதன் பிறகு மூடி, மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டி மாமியார் மடியில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் இறந்தவர் படத்துக்குத்தான் பொட்டு வைப்போம். வெள்ளிக்கிழமைதோறும் என் மாமனார் படத்துக்கு வைப்பது நான்தான். உயிரோடு இருப்பவர் படத்துக்கு வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவள் போகக் கூடாது என்று நினைத்தேன். அன்று பொங்கல் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பையைக் கொடுக்கும்போது மாமியார் பானுப்ரியாவிடம், "சாமிகிட்ட வச்சதை வழியில தொறக்கப்படாது. காரியம் நடக்குத எடத்துலதான் தொறக்கணும்" என்று சொன்னார். அவளும் கிழவி சொல்லை மீறாமல் சென்னை வரை திறக்கவில்லை. அங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் முன்னால்தான் திறந்திருக்கிறாள். பக்கங்கள் ஒட்டிப்போய், பிரித்த இடத்தில் படம் உரிந்து, நம்பர் எல்லாம் மஞ்சளாக இருந்ததால் வாங்க மறுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு போனில் செய்தி வந்தபோது ஒருவருக்குச் சீனி கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்துக் காசு வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அவளோடு சென்னை போய் ஊர் திரும்பிய செந்தூர்வேல் பூசாரியின் மேல் இந்த நிலையத்தில் புகார் கொடுத்தார். வீட்டிலேயே, "மைனி, அந்த ஆள உள்ள தள்ளாம வுட மாட்டேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். நான் கடைக்குப் போய் வியாபாரத்தைப் பார்த்தேன். பூசாரியை வரச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். "நான் அட்டையத் தவிர எதையும் தொடலையே தாயி" என்று அவர் அழுதாராம். அப்போது பானுப்ரியா, உள்ளே பொட்டு வைத்ததும் தீர்த்தம் தெளித்ததும் தான்தான் என்றும், பக்தியில் தெரியாமல் செய்துவிட்டதாகவும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அத்தோடு புகாரை முடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நான் அடுக்களையில் இருந்தபோது அவள் வந்து பக்கத்தில் நின்றாள். மெதுவாக, "அக்கா, சந்தனத்துக்கு மேல குங்குமம், மாமா படத்துக்கு நீங்க வைக்குத மாதிரியே இருந்துச்சு. நான்தான்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்கிடாதிய" என்றாள். நான் அடுப்பை அணைத்தேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சுத்தான். மாமியார் என்னிடமே, "தன் தப்ப ஒத்துக்கிட்டு ஒரு மனுசனக் காப்பாத்திட்டா பாத்தியா? இந்த மனசு யாருக்குளா வரும்?" என்றார். பூசாரி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவர்கூட அவளைப் போல வருமா என்றார். வேலை, ஏசி, என் மகள், வெளிநாடு எல்லாம் அவளுக்கு. இப்போது நல்லவள் என்ற பெயரும். என்னால் தாங்க முடியவில்லை. இன்று காலை கடையைத் திறக்காமல் நேராக இங்கே வந்தேன்.

முடிந்துபோன புகாருக்கு ஏன் வந்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். பொட்டு வைத்தது நான், அந்தப் பழியும் எனக்குச் சேர்ந்தது, அதை அவள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். என்னைக் கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ யாரும் அனுப்பவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர், "யோசிச்சுக்கோங்கம்மா. இதுல கையெழுத்துப் போட்டா கேஸ் உங்க மேல திரும்பும். அவங்களே பாஸ்போர்ட்டக் கெடுத்தாங்கங்குற குத்தம் நீங்கிடும். இதக் காட்டிப் புது பாஸ்போர்ட்டுக்குப் போடுவாங்க, போய்ச் சேந்துருவாங்க" என்று சொன்னார். இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு எழுதச் சொன்னேன். அவள் போகட்டும். ஆனால் என்னை மன்னித்துவிட்டுப் போனவள் என்று யாரும் சொல்லக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டதால்தான் விமானம் ஏறினாள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அங்கே போய் இறங்கும்போதும் அது தெரிய வேண்டும்.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. பொறாமை என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று இதை எழுதிய காவலர் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

(ஒப்பம்) பா. முருகேஸ்வரி, பி.காம்.