இளஞ்செழியன் பேரில் ஒரு ஃபோல்டர்

மாலை ஆறரை இருக்கும். சந்தவாசல் தாண்டி படவேடு போகிற ரோடு. முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. அந்த ரோட்டில் ஆதிராஜ் தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்... ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள.

ஆதிராஜ் வேறு யாருமில்லை. இதோ, என் பக்கத்தில் போர்வைக்குள் முடங்கியிருக்கிறானே அரிஹந்த், இவனுடைய சித்தப்பா. ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பவர். அவரிடம் வேலை பார்த்தவன்தான் இளஞ்செழியன். படவேட்டுக்காரன். மனைவி சிவசங்கரி அப்போது ஏழு மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை கம்ப்யூட்டருக்குள் வீட்டிலிருந்தே நுழைந்து வேலை செய்ய வழிபண்ணிக் கொடுங்கள் என்று அவன் கேட்டான். ஆதிராஜுக்கு அது சின்ன வேலை. ஆனால் ஆள் கண்ணெதிரே இருந்தால்தான் வேலை நடக்கும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"போட்டுப் பாத்தேன்பா. பர்மிஷன் எரர் வந்துகினே இருக்குது. சரியாவுற வரைக்கும் நேர்ல வந்துடு" என்றார்.

அவர் எதையும் போட்டுப் பார்க்கவே இல்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள், வேலை முடிந்து வீடு திரும்பும்போது, சந்தவாசல் வளைவில் ஒரு லாரி... அவ்வளவுதான்.

மாசியில் மஹிமா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். சேத்துப்பட்டு. இந்த முறை ஆதிராஜ், அவள் கேட்காமலே வீட்டிலிருந்து நுழைய ஏற்பாடு செய்தார். அவள் முயன்று பார்த்துவிட்டு போன் செய்தாள். பர்மிஷன் எரர்.

அவர் கடை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

இப்படி நுழைவதற்குச் சாவி மாதிரி ஒரு சின்ன ஃபைல் உண்டு. அது இருக்கிற ஃபோல்டர், நுழைகிறவர் பேரில் இருக்க வேண்டும். வேறொருவர் பேரில் இருந்தால் கம்ப்யூட்டர் உள்ளே விடாது. சாவியைப் பார்த்தார், சரி. ஃபோல்டரைப் பார்த்தார்.

இளஞ்செழியன் என்று இருந்தது.

அந்தப் பேரில் அவர் கணக்கே தொடங்கியதில்லையே... எப்படித் தொடங்கியிருப்பார்?

மஹிமா பேருக்கு மாற்றினார். மறுபடி எரர். திறந்து பார்த்தால் மறுபடி அவன் பேர். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தார். அவன் பேர். கடையில் வேறு யாருமில்லை. நல்ல வெயில் காலம்... ஆனால் நனைந்த ரெயின்கோட் வாசனை. நாற்காலிக்குப் பின்னால் சொட்டுகிற சத்தம். டப்... டப்... திரும்பிப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

கடையைப் பூட்டக்கூட இல்லை. ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

படவேட்டில் சிவசங்கரி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கைக்குழந்தை. ஆதிராஜ் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னார். எரர் எதுவும் வரவில்லை, தான் முயலவே இல்லை, அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தால் அவன் அந்த மழையில் ரோட்டில் இருந்திருக்கமாட்டான் என்று.

தூளி நிற்கவில்லை.

"தெரியும்ங்க" என்றாள். "அன்னிக்குக் கெளம்பும்போதே சொன்னாரு. அண்ணன் பொய் சொல்றாரு, மூஞ்சிக்கு நேரா எப்படிக் கேக்கறதுன்னு."

அவருக்கு அழுகை வந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

அப்போது போன் அடித்தது. மஹிமா.

"சார், கடை கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டேன். நீங்க அனுப்புன ஆளு எங்க வீட்டுக்கே வந்து சரி பண்ணிக் குடுத்தாரு. பாவம், முழுசா நனைஞ்சிருந்தாரு. டீ குடிங்கன்னேன், வேணாம், வீட்டுக்குப் போவணும்னு ஜல்தியா கெளம்பிட்டாரு."

அவர் யாரையும் அனுப்பவில்லை. மஹிமாவின் குரல் தூளி வரைக்கும் கேட்டிருந்தது.

சிவசங்கரி எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து வைத்தாள். பக்கத்தில் சொம்பில் தண்ணீர்.

ஆதிராஜ் குடும்பம் ஜைனர்கள். ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள், தெரியுமல்லவா. ஆதிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்மா, இருட்டுனா நான் சாப்புட மாட்டேன்" என்றார்.

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு இல்லீங்க."