ஏறுகிற கோடு

சாரல் நேரத்தில் கன்டெய்னர் கதவைத் திறந்துபோடக் கூடாது, சார். வெனீர் என்பது மரத்தை அப்பளம் மாதிரிச் சீவிய தகடு. ஈரக்காற்று பட்டால் சுருண்டுவிடும். மேலகரத்தில் மரக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்களேன். என்னால் உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே சொல்கிறேன்.

ஜெபஸ்டின் என் கூட்டாளி. கடை தொடங்கிய நாளிலிருந்து ஒன்றாக இருந்தோம். நல்ல மனுஷன். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அது ஒன்றுதான் குறை.

வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வருஷாவருஷம் நான்தான் பேசுவேன். விஷயம் ஒன்றுதான். நம் நாடு எவ்வளவு வெனீர் இறக்குமதி செய்கிறது, சீனா எவ்வளவு செய்கிறது, அது வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது. இரண்டு கோடுகள். ஒன்று ஏறிக்கொண்டே போகிறது, இன்னொன்று தரையோடு கிடக்கிறது. ஏறுவது நாம். அதைப் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து மேடையில் கட்டுவேன். என் பேச்சைக் கேட்டுச் செங்கோட்டை வரைக்கும் வெனீர் அடுக்கக் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். நான் போனால் டீக்கடையில் எழுந்து நிற்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

இந்த வருஷம் கூட்டத்துக்கு முந்தின நாள் ஜெபஸ்டின் அதே படத்தைப் போனில் கலரில் எடுத்து நீட்டினான்.

"கணேசமூர்த்தி அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. நாம கோட்ட மாத்தி வாசிச்சிட்டோம். ஏறுதது சீனா. தரையோட கெடக்குததுதான் நாம."

நான் அந்தப் படத்தை முதன்முதலில் தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன். கலர்ப் படம், ஜெராக்ஸில் இரண்டு கோடும் கறுப்பாக வந்தன. மேலே இருப்பது நாமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள்.

"இருக்கட்டும்லே. வெளிய சொல்லாண்டாம்" என்றேன்.

"அதெப்படி அண்ணாச்சி? நம்ம சங்கத்து ஏசுவடியான் ஒங்க பேச்ச நம்பி வீட்ட வித்துச் சரக்கு எடுக்கப் போறாரு. நாளைக்கு மேடையில நானே பக்குவமாச் சொல்லுதேன். ஒங்க பேரு கெடாது."

பக்குவமாகச் சொல்வானாம். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. இருப்புக்கொள்ளாமல் பைக்கை எடுத்துக்கொண்டு குத்தாலம் போனேன். அருவிப் பக்கமே திரும்பாமல் வந்துவிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து வந்த கன்டெய்னர் கடை வாசலில் நின்றிருந்தது. பூச்சி சாவதற்கு உள்ளே விஷப்புகை போட்டு அனுப்புவார்கள். ஒருநாள் முழுக்கத் திறந்து ஆறவிட்ட பிறகுதான் ஆள் ஏற வேண்டும். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். அது எங்கள் வழக்கம். கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளை நான் முதலிலேயே கிழித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஜெபஸ்டின் சரக்கைப் பார்க்க வந்தான்.

"ஆறப்போட்டாச்சா அண்ணாச்சி?"

"நேத்தே போட்டாச்சுலே. நீ போ, நான் இங்கன நிக்கேன்."

நின்றேன். அதில் சொல் தவறவில்லை. சாரல் விழ ஆரம்பித்தது. கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டேன், சரக்கு நனையக் கூடாது அல்லவா. கொஞ்ச நேரம் தகரத்தில் சத்தம் கேட்டது. சாரல் என்று நினைத்துக்கொண்டேன். சாரல் அண்ணாச்சி என்று கூப்பிடாது, அதுவும் எனக்குத் தெரியும்.

மத்தியானம் அவன் மனைவி கிருபா போன் செய்தாள்.

"அண்ணாச்சி, அவுக சாப்பிட வரலியே. அங்கன இருக்காகளா?"

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கான்மா. வந்துருவான்."

சாயங்காலம் கூட்டத்தில் பேசினேன். எப்போதையும்விட நன்றாகப் பேசினேன். ஏசுவடியான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். மறுநாளே வீட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆமாம், ஜெபஸ்டினைக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். ஏறுகிற கோடு சீனா என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். ஏறுவது நாம்தான், சார்.