பன்னிரண்டாவது மூட்டை

— கையை எடு அக்கா! ஜாடி இன்னும் ஆறல.

— ஆத்தாடி, இந்த வெள்ளைப் பொடிக்காகவா ரெண்டு வருஷமா வீட்டுப் பக்கமே தலைகாட்டாம கிடந்தே?

— இது யாரும் வாங்காம குப்பைக் கிடங்குல நீங்க ஒதுக்கிப் போடுவீங்களே, அந்தக் கலர் பாட்டிலும் பாலியஸ்டர் துணியும்தான். மருந்து போட்டுக் கொதிக்க வச்சா அக்கக்காப் பிரிஞ்சுடுது. இதுலேர்ந்து மறுபடி புதுசே செய்யலாம்.

— அப்போ ஜெயிச்சுட்டே.

— பதினோரு தடவை கருப்புப் பிசின். இன்னிக்குத்தான் வெள்ளை. நாளைக்குக் காலைல பணம் கொடுக்கற குழு பார்க்க வருது. அவங்க முன்னாடியும் வெள்ளை வந்துட்டா ஆலை கட்டுவாங்க. வரலைன்னா ஆய்வகத்துக்குப் பூட்டு. பிரிக்காத குப்பையை அப்படியே கொட்டினாப் போதும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

— பிரிக்காமலேவா?

— அதான்க்கா இதோட பெருமையே. ஏன் முகம் இப்படிப் போச்சு? கிடங்குல அள்ளினபடியேதானே மூட்டையைக் கொண்டு வந்தே?

— பதினோரு தடவை அப்படித்தான்டி.

— இந்தத் தடவை?

— கொட்டி, பொறுக்கிட்டுக் கட்டினது. மடக்கினா வெள்ளைக் கோடு விழும் பாரு, குழாய்த் துண்டு, ரெக்ஸின் மாதிரி, அதையெல்லாம் எடுத்துட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு நிக்கறதைப் பார்க்க முடியல.

— ஐயோ அக்கா! அந்த பிளாஸ்டிக் கொதிக்கறப்போ வர அமிலம்தான் என் மருந்தைக் கொன்னிருக்கு. நான் கொதிக்கிற சூட்டையே மாத்தி மாத்திப் பார்த்துட்டிருந்தேன்.

— போனது போகட்டும். நாளைக்கும் பொறுக்கியே தரேன். அள்ளினபடியேன்னு சொல்லிக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்ததை அடிச்சு மாத்தப் போறேன். பிரிச்சாத்தான் வேலை செய்யும், பிரிக்காமப் பதினோரு தடவை தோத்தேன்னு அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

— பூட்டுப் போட்டுட்டா?

— வாசல்ல நின்னு மறுபடி கேப்பேன். விட மாட்டேன்.

— பிடிவாதக்காரி. பிரிக்காம ஓடற ஆலை வந்துட்டா குப்பை பிரிக்கற எங்க முப்பது பேரையும் வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு கிடங்கு மேஸ்திரி எப்பவோ சொல்லிட்டாரு.

— அது தெரிஞ்சுமா பொறுக்கிக் கொடுத்தே?

— நான் ஒருத்தியா அத்தனையும் பொறுக்க முடியும்? முப்பது பேரும் உக்காந்தோம். வேலை போனாப் போகட்டும், அந்தக் குப்பையைக் கொளுத்துற புகையில நம்ம பிள்ளைங்க இருமறது நிக்கட்டும்னாங்கடி.