ஏறுவதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று

விமானத்துக்குப் புரொப்பெல்லர் தேர்ந்தெடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆளைப் பார்த்துச் சட்டை தைப்பது மாதிரிதான். என்ன இஞ்சின், எவ்வளவு எடை, எவ்வளவு நீள ஓடுபாதை என்று கேட்டுக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எங்கள் பட்டறையில் அதை விசிறி என்றுதான் சொல்வோம். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கை வலிக்காது.

சின்ன விமானங்களுக்கு முக்கியமாக இரண்டு வகை உண்டு. பிளேடின் சாய்வு குறைவாக இருந்தால் விமானம் சட்டென்று தரையை விட்டு எழும்பும். மேலே போன பிறகு வேகம் சற்று மட்டு. சாய்வு அதிகமாக இருந்தால் வானத்தில் நல்ல வேகம். ஆனால் தரையை விட்டுக் கிளம்ப அதற்கு மனசே வராது. பைக்கை டாப் கியரில் போட்டு நகர்த்திப் பாருங்கள், புரிந்துவிடும்.

அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், நல்ல மனிதர். போனவரைப் பற்றி எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நான் மட்டும் ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்? விருந்தாளிகள் வந்தால் என்னைத் தோளில் தட்டி முன்னால் நிறுத்துவார். "இவன்தான் என் மச்சான். ஃபேன் கடை வச்சிருக்கான்" என்பார். கூடம் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பாள். அது ஒரு திறமை.

அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியைச் சமப்படுத்தி, சொந்த ஓடுபாதை என்று பெயர் வைத்திருந்தார். குட்டையான பாதை. அதன் முடிவில் வரிசையாக உயர்ந்த மரங்கள். வெட்டச் சொன்னால், நிழலுக்கு ஆகும் என்பார். விமானத்துக்கு நிழல் வேண்டும் என்று நினைத்த முதல் விமானி அவராகத்தான் இருப்பார்.

அந்தப் புல்வெளியில் கல் தெறித்துத்தான் பழைய விசிறி பிளந்தது. புதிது கேட்டுப் பட்டறைக்கு வந்தார். யாரோ ஒரு நண்பர் வானத்தில் அவரை முந்திப் போய்விட்டாராம். வேகமாக ஓடுகிற விசிறிதான் வேண்டும் என்றார். உங்கள் பாதைக்கு அது ஆகாது, ஏறுகிற விசிறிதான் சரி என்று பொறுமையாக விளக்கினேன்.

"நீ மாட்டுறவன், நான் பறக்குறவன். சொன்னதை மாட்டு."

என் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலையாட்டினேன். வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம்?

விசிறியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ப் புல்வெளியிலேயே மாட்டினேன். போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்கினேன். அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் நிபுணரும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். உச்சி வெயில். டேங்க் நிறைய பெட்ரோல். வெளியூரில் படிக்கும் மகளைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். அக்கா பையோடு வந்தபோது, நாளைக்கு நான் காரில் கூட்டிப்போகிறேன், இன்று வேண்டாமே என்றேன்.

"ஏன்டா, நீ மாட்டின விசிறி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். அத்தானும் சிரித்தார்.

அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதையாக இருக்காது. கதவை நானே சாத்தி, தாழ் சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்தேன்.

இஞ்சின் முழு வீச்சில் இருந்தும் சுற்று குறைவாகவே இருந்தது. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. உள்ளே சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்திருந்தால் அத்தானும் நிறுத்தியிருப்பார். அவர் எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். நானும் அசைத்தேன். பாதை முடியும் இடத்தில் சக்கரம் ஒருவழியாகத் தரையை விட்டது. மரங்கள் நிழலுக்கென்று அங்கேயே நின்றன.

அக்காவை மட்டும் ஏன் ஏற வேண்டாம் என்றாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். முகம் வாடியிருந்தது, அதனால்தான் என்றேன். நீங்கள் நம்பவில்லை. சரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அந்தப் போன் விஷயத்தையும் அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பிறகு மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆமாம், மாட்டுவதற்கு முந்தின நாள் மாலை அத்தான் போன் செய்தார்.

"யோசிச்சுப் பார்த்தேன்டா. மரம் ரொம்பக் கிட்ட இருக்கு. நீ சொன்னதுதான் சரி. ஏறுற விசிறியையே மாட்டிடு."

சரி அத்தான் என்றேன். பட்டறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வெள்ளைப் பூச்சு, ஒரே நீளம். பிளேடுகள் சேரும் நடுக்குடத்தில் பொறித்த எண்ணைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் ஓடுகிற விசிறியை எடுத்து வேனில் வைத்தேன்.

கோபத்தில் செய்ததல்ல. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபேன் கடை என்றது கூடம் நிறைய ஆட்கள் முன்னால். நீ சொன்னதுதான் சரி என்றது போனில், என் ஒருவன் காதில். இது என்ன நியாயம்? நான் சொன்னது சரியென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? கூட்டம் கூட்டிச் சொல்ல அவர் வரப்போவதில்லை. மரங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

மாட்டி முடித்ததும் பிளேடைத் தடவிப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொன்னதுதானே?"

"ஆமா அத்தான்."

அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அதுவரை என் வேலையை ஒருமுறையாவது சந்தேகப்படாமல் விட்டவர் இல்லை, அன்று நம்பினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்தபோதும் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்னாகும்? பொய்யன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். அதனால் தாழை இழுத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா கடைசியா உங்ககிட்ட என்ன பேசினார்?" என்று கேட்டாள். சுற்றிலும் உறவுக்காரர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் சொன்னதுதான் சரி என்று அவர் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று.