மெக்கானிக்கின் இருக்கை

டோரீன்: இந்த விமானத்து விசிறியைக் கையால ஏன் தள்ளுறீங்க? ஸ்டார்ட் பண்ணினா தானா சுத்தாதா?

ஆர்லன்: சுத்தும். அப்புறம் உடையும்... அம்மா, அந்தக் கயிறு உங்களுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கு. பின்னாடி போங்க.

டோரீன்: ஒரே ஒரு அடிதான் தாண்டியிருக்கேன்.

ஆர்லன்: அந்த ஒரு அடியிலதான் விசிறி சுத்தும்.

டோரீன்: சரி சரி... தள்ளிட்டேன். ஏன் உடையும்னு சொல்லுங்க.

ஆர்லன்: எஞ்சின் சும்மா நிக்கிறப்போ எண்ணெய் பூரா கீழ் சிலிண்டருக்கு எறங்கிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டன் போய் எண்ணெய் மேல இடிக்கும். எண்ணெய் நசுங்காது. இரும்புதான் வளையும். அதான் மொதல்ல கையால தள்ளிப் பாக்குறது. எங்கயாவது முட்டுச்சுன்னா அன்னைக்குப் பறக்கறது இல்ல.

டோரீன்: எண்பது வயசு ஆளுக்குக் காலைக்கடன் மாதிரி.

ஆர்லன்: ஹா... அதேதான். எனக்கே தினம் ஒழுங்கா ஆகுறதில்ல, இதுக்கு ஆகியே தீரணும்.

டோரீன்: அடியில ஒழுகுதே?

ஆர்லன்: ஒழுகலைன்னாதான் எனக்குப் பயம், உள்ள எண்ணெய் தீந்துடுச்சோன்னு. டிக்கெட் வாங்கிட்டீங்களா? மூணு மணிக்கு ஒரு சுத்து போகுது. அங்க மேசையில ட்ரூடி எடை கேப்பா, உண்மையச் சொல்லுங்க. எல்லாரும் பத்து பவுண்டு கொறைச்சுத்தான் சொல்லுறாங்க. நாங்களும் வாயைத் தொறக்காம இருபது கூட்டி எழுதிக்குவோம்.

டோரீன்: ஏற வரல. ஒருத்தரைத் தேடி வந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி கார்வின்ல ஒரு விமானம் விழுந்துச்சே... இதே மாதிரி போர்க்கால விமானம்.

ஆர்லன்: ...ம்.

டோரீன்: அதோட மெக்கானிக். இப்ப இங்க வேலை பாக்குறார்னு கேள்விப்பட்டேன்.

ஆர்லன்: இருந்தான். போயிட்டான். அரிசோனா பக்கம்னு நெனைக்கிறேன்.

டோரீன்: நெனைக்கிறீங்க.

ஆர்லன்: நாங்க ஒண்ணும் கடுதாசி போட்டுக்கறவங்க இல்லம்மா. நீங்க என்ன, பத்திரிகையா?

டோரீன்: இல்ல. என் தம்பி அதுலதான் போனான். கர்ட். நீங்க வேலையைப் பாருங்க. நிறுத்த வேணாம்.

ஆர்லன்: இல்ல... காலையில பறந்தது, பிளக் இன்னும் சூடா இருக்கு. ஆறட்டும்.

டோரீன்: வெள்ளிக்கிழமை கான்சஸ் சிட்டில கூட்டம். இந்த மாதிரி பழைய விமானத்துல காசு வாங்கிட்டு ஜனங்களை ஏத்தலாமா, நிறுத்திடணுமான்னு அரசாங்கம் கருத்துக் கேக்குது. செத்தவங்க வீட்டுலேர்ந்து வர்றவங்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம். எனக்கும் மூணு நிமிஷம் இருக்கு. என்ன பேசறதுன்னுதான் தெரியல.

ஆர்லன்: நிறுத்துங்கன்னு சொல்லுங்க. உங்களை யாரு தப்பு சொல்லப் போறா?

டோரீன்: உங்க பொழப்பு?

ஆர்லன்: இதுக்கு முன்னாடி சோளம் அறுக்குற மெஷின் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன். திரும்பப் போய் பண்ணுவேன். அதுலயும் மல்லாந்துதான் கெடக்கணும், மூஞ்சியில எண்ணெய்தான் சொட்டும்.

டோரீன்: நான் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அது தெரிஞ்சா என்ன பேசறதுன்னும் தெரியும்னு தோணுது. அன்னைக்குப் பயணிகள் பட்டியல்ல ஆறு பேர். செத்த பயணிகள் ஏழு. ஏழாவது என் தம்பி. இருந்ததே ஆறு சீட்டு. அவன் எதுல உக்காந்தான்?

ஆர்லன்: விசாரணை அறிக்கையில போட்டிருப்பாங்களே.

டோரீன்: நூத்திப் பன்னெண்டு பக்கம். ரெண்டு தடவை படிச்சேன். 'மெக்கானிக் விமானத்தில் இல்லை'ன்னு ஒரு வரி வருது. ஏன் இல்லைங்கறதுக்கு, உடம்பு சரியில்லைன்னு இன்னொரு வரி. அவ்வளவுதான்... ஆமா, மெக்கானிக்குன்னு ஒருத்தர் மேல போய் என்னதான் செய்வார்? பறக்கறப்போ ஸ்பானரா பிடிப்பார்?

ஆர்லன்: ஸ்பானருக்கு அங்க வேலையே இல்ல. பைலட் ரெண்டு பேருக்கும் நடுவுல, பின்னாடி ஒரு மடக்கு சீட்டு. அதுல உக்காந்து ரெண்டு பக்கமும் எஞ்சினையே பாத்துட்டிருக்கணும். பைலட் முன்னாடி பாப்பான். எஞ்சினைப் பாக்க நமக்குத்தான் நேரம் உண்டு. புகை வருதா, எண்ணெய் கோடு போடுதா, சத்தம் மாறுதா...

டோரீன்: மாறினா கத்துவீங்களா?

ஆர்லன்: கத்தினா கேக்காது. உங்க காதுக்குள்ள வாயை வச்சுக் கத்தினாலும் கேக்காது. தோள்ல தட்டணும். எடது எஞ்சின் போச்சுன்னா பைலட்டோட எடது தோள். வலதுன்னா வலது. பலமா, வலிக்கிற மாதிரி. கெட்டதை நிறுத்தலைன்னா அதோட விசிறி விமானத்தையே இழுத்துடும்; தட்டின பக்கத்தைத்தான் அவன் நிறுத்துவான். எங்க ஆளுங்க பழக்கம் அது. எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

டோரீன்: அன்னைக்கு எடது எஞ்சின் கெட்டுச்சு, பைலட் வலதை நிறுத்திட்டார்னு அறிக்கை சொல்லுது.

ஆர்லன்: ஆமா.

டோரீன்: நல்லா ஓடிட்டிருந்த எஞ்சினை ஒருத்தர் எப்படிங்க நிறுத்துவார்? குடிச்சிருந்தாரா?

ஆர்லன்: வாயைக் கொஞ்சம்... மன்னிச்சுக்கங்க. பைலட் ஹாவர்ட் குடியைத் தொடமாட்டார். பீர் கூட. அப்ப தரையிலேர்ந்து முந்நூறு அடிதான் உயரம். ஒரு எஞ்சின் போனா விமானம் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். ரெண்டு காலு, ரெண்டு கை, அம்புட்டு பலத்தையும் போட்டுப் பிடிக்கணும். நிறுத்துற கைப்பிடி ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். அஞ்சு நொடி. அதுக்குள்ள எதுன்னு முடிவு பண்ணணும். அஞ்சு நொடி எவ்வளவுன்னு எண்ணிப் பாருங்க.

டோரீன்: ஒண்ணு... ரெண்டு...

ஆர்லன்: வேணாம்மா. விடுங்க.

ட்ரூடி: ஆர்லன்! டேய், ஆர்லன்! எத்தனை தடவை கூப்பிடறது? காதுலயும் கிரீஸ் போட்டுட்டியா?

ஆர்லன்: என்ன ட்ரூடி?

ட்ரூடி: மூணு மணி சுத்துக்கு ஒரு ஆள் கூடுதலா வந்திருக்கு. ஒமஹாலேர்ந்து ஒரு பல் டாக்டர், கூடவே மச்சானையும் இழுத்துட்டு வந்திருக்கார். மச்சானும் உன் எடைதான், எடை போட்டுப் பாத்துட்டேன். இந்த ஒரு தடவை நீ எறங்கிக்க.

ஆர்லன்: முடியாது.

ட்ரூடி: பதினெட்டு நிமிஷம்டா. போய்ட்டு வந்துடும்.

ஆர்லன்: முடியாதுன்னேன்.

ட்ரூடி: பைலட் சரின்னுட்டார்.

ஆர்லன்: அப்ப பைலட்டை எறக்கிட்டு மச்சானை ஓட்டச் சொல்லு. நான் எறங்கினா இது தரையை விட்டு எழும்பாது. பிளக்கைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவேன்.

ட்ரூடி: ஐயோ சாமி, ஏன் இப்படிக் கத்துற? நாலு வருஷமா உன்கூட வேலை பாக்குறேன், ஒரு நாள் இப்படிப் பேசினதில்ல... சரி, அந்த ஆள் பல்லைக் கடிக்கப் போறார்.

ஆர்லன்: பல் டாக்டர்தானே, கடிச்சுக்கட்டும். போ.

டோரீன்: அரிசோனா இவ்வளவு பக்கத்துல இருக்கும்னு எனக்குத் தெரியாது.

ஆர்லன்: கயிறுக்கு அந்தப் பக்கம் போங்கம்மா.

டோரீன்: அவன் உக்காந்தது உங்க சீட்டு.

ஆர்லன்: ...ஆமா.

டோரீன்: உடம்பு சரியில்லையா?

ஆர்லன்: கல்லு மாதிரி இருந்தேன். ஒரு பொம்பள வந்தா. அவன் பொண்டாட்டி. அவனுக்கு அன்னைக்கு அம்பதாவது பொறந்தநாளாம், ரெண்டு மாநிலம் தாண்டி வண்டி ஓட்டிட்டு வந்தோம், டிக்கெட் தீந்து போச்சு, ஒரே ஒரு தடவை... என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல.

டோரீன்: பாத்தா எப்படி இருந்தா?

ஆர்லன்: ஞாபகமில்ல. நான் எஞ்சினைப் பாத்துட்டே பேசினேன்... அம்மா, நான் ஏதோ இரக்கப்பட்டு எறங்கினேன்னு நெனைச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து நாலு சுத்து போயிருந்தேன். கால் கடுத்துச்சு. பசி. வேலியோரம் ஹாட் டாக் விக்கிற வண்டி நின்னுச்சு. அதுவும் ஒரு காரணம். அது விழுந்தப்போ நான் ரொட்டியில கடுகு சாஸ் தடவிட்டு நின்னேன்.

டோரீன்: அதிகாரிங்ககிட்ட ஏன் மாத்திச் சொன்னீங்க?

ஆர்லன்: பாதி எனக்காக. லைசென்ஸ் போயிடும்னு பயம். மீதி அவளுக்காக. கேட்டது யாருன்னு தோண்டுவாங்க. வீட்டு வாசல்ல கேமராவோட நிப்பாங்க. புருஷனை ஏத்தி அனுப்பிட்டு, கீழ நின்னு கையாட்டினவ. அது போதாதா அவளுக்கு?

டோரீன்: நீங்க மேல இருந்திருந்தா சரியான தோளைத் தட்டியிருப்பீங்களா?

ஆர்லன்: தட்டியிருப்பேன்னு ஏழு வருஷமா சொல்லிக்கிறேன். செத்திருப்பேன்னும் சொல்லிக்கிறேன். ரெண்டுல எது உண்மைன்னு காட்ட யாரும் மிச்சமில்ல.

டோரீன்: அப்ப வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்லட்டும்?

ஆர்லன்: என் பேரைச் சொல்லுங்க. ஆர்லன் ஹாஸ்கின்ஸ். அரை நிமிஷம் போதும் அதுக்கு. மிச்சத்துல, மெக்கானிக் சீட்டு பயணிக்குக் கெடையாதுன்னு எழுத்துல போடச் சொல்லுங்க. பைலட் சொன்னாலும் சரி, யாரு வந்து அழுதாலும் சரி.

டோரீன்: ஒரேயடியா நிறுத்தச் சொல்ல வேணாமா?

ஆர்லன்: அது உங்க இஷ்டம். நான் வேணாம்னா என் வயிறு பேசுதுன்னு ஆகும். ஆனா ஒண்ணு... நிறுத்திட்டா நான் தப்பிச்சேன். பழைய இரும்பு, அதான் விழுந்துச்சுன்னு எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. ஏண்டா எறங்கினன்னு ஒருத்தரும் என்னைக் கேக்க மாட்டாங்க.

டோரீன்: என்னையும் கேக்க மாட்டாங்க.

ஆர்லன்: உங்களை என்ன கேக்க இருக்கு?

டோரீன்: கர்ட்டுக்குக் கல்யாணமே ஆகல, ஆர்லன். அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு விடாம நின்னது நான்தான். அவன், "விடுக்கா, கீழேர்ந்தே பாத்துக்கலாம்"னுதான் சொன்னான்.